காலுக்கு ஒரு கவசம்

பிகாரின் மக்கானா குளங்களுக்கு 2025-ஆம் ஆண்டில் திடீர் மவுசு ஏற்பட்டது. பிப்ரவரியில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் தர்பங்காவில் குளத்தில் இறங்கினார். ஆகஸ்டில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி கதிஹார் மாவட்டக் குளம் ஒன்றில் இறங்கினார். செப்டம்பரில் பிரதமர் நரேந்திர மோடி பூர்ணியாவில் தேசிய மக்கானா வாரியத்தைத் தொடங்கி வைத்தார். தேர்தல் ஆண்டில் தலைவர்கள் தண்ணீரில் இறங்குவது வியப்புக்குரியதல்ல. இறங்கியவர்கள் கரையேறிவிட்டார்கள். ஆனால், அறுவடைக் காலம் முழுவதும் அதே சேற்றில் வெறுங்காலுடன் நிற்கும் தொழிலாளியின் நிலை அப்படியேதான் இருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்ற பெயரில் விற்கப்படும் மக்கானா, உண்மையில் அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முட்செடியின் விதை. பழுத்த காய் வெடித்து, விதைகள் குளத்தின் அடிச்சேற்றில் படிந்துவிடும். மூழ்கியும் துழாவியும்தான் அவற்றை அள்ள வேண்டும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருபவர்கள் மல்லா எனப்படும் மீனவ, படகோட்டிச் சமூகத்தினர். மழைக்காலத்தின் பிற்பகுதியில் அறுவடை நடக்கிறது. பாம்புகள் வளைகளை விட்டு வெளியேறி மேட்டு நிலம் தேடும் காலமும் அதுவே.

குளத்து நீரில் நீந்தும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. ஆபத்து காத்திருப்பது கரையிலும், வரப்பிலும், அள்ளிக் குவித்த செடிகளுக்கு அடியிலும்தான். எலியைத் தேடி வரும் நல்ல பாம்பும், இரவில் நடமாடும் கட்டு விரியனும் மிதித்தால் கடிக்கின்றன. கடிகளில் பெரும்பாலானவை காலில்தான் விழுகின்றன.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் உயிரிழந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். இவற்றில் சுமார் 70 விழுக்காடு பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் நிகழ்ந்தவை. பாதி மரணங்கள் மழைக்காலத்தில் நேர்ந்தவை. எங்கே, எப்போது, உடலின் எந்தப் பகுதியில் என்பதெல்லாம் தெரிந்த பின்னும் ஓர் உயிரிழப்பு தொடருமானால், அதை விதி என்று சொல்லித் தப்ப முடியாது.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. 2030-க்குள் பாம்புக் கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டம் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு மாநிலங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், அரசின் கவனமும் பணமும் பெரிதும் கடிக்குப் பிந்தைய சிகிச்சையையும் நிவாரணத்தையும் சுற்றியே நிற்கின்றன.

சிகிச்சைக்கும் எல்லை உண்டு. நாட்டின் நஞ்சு முறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. தெற்கே எடுக்கப்படும் நஞ்சைக் கொண்டு தயாராகும் மருந்து, பிற பகுதிப் பாம்புகளுக்கு எதிராக ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த மருந்தும் கிராமத்துக்கு அருகில், உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும்.

காலணி அணியுங்கள் என்ற அறிவுரைக்குக் குறைவில்லை. சேற்றில் வேலை செய்தவருக்குத்தான் அதன் போதாமை புரியும். சாதாரண ரப்பர் பூட்ஸ் முழங்கால் தண்ணீரில் நிரம்பிவிடும். காலை எடுத்தால் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும். மார்பு வரை மூடும் ரப்பர் உடை வட இந்திய வெப்பத்துக்குப் பொருந்தாது. ஆழத்தில் நீர் புகுந்தால் அதுவே ஆபத்தாகும். அணிய மறுப்பது தொழிலாளியின் அறியாமை அல்ல, அவருடைய அனுபவம்.

தேவைப்படுவது, நீரைத் தடுக்காமல் வடியவிட்டு, பல்லை மட்டும் தடுக்கும் அடர்த்தியான துணியாலான, தொடை வரை இறுக்கிக் கட்டக்கூடிய கால் உறை. தடித்த துணியே ஓரளவு பயன் தரும். ஜீன்ஸ் துணி போர்த்திய மாதிரிகளைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் கடித்தபோது, உட்செலுத்தப்பட்ட நஞ்சின் அளவு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைந்ததாக 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு தெரிவித்தது. நம் பாம்புகளுக்கும், நம் சேற்றுக்கும் ஏற்ற துணி எது என்பதைச் சோதித்து அறிவது நமது ஆய்வகங்களின் வேலை.

மூழ்கி எடுப்போருக்கு இது முழுத் தீர்வாகாது என்பது உண்மை. ஆனால், ஓரடி ஆழ நீரில் வயலிலேயே மக்கானா பயிரிடும் முறையைத் தர்பங்கா ஆய்வு மையம் பரப்பி வருகிறது. அங்கே மூழ்க வேண்டியதில்லை; நடந்தால் போதும். அந்த வயலுக்குப் பொருந்தும் கால் உறை, நாற்று நடும் பெண்களுக்கும், நண்டும் நத்தையும் சேகரிக்கும் பழங்குடியினருக்கும் பொருந்தும்.

செலவு ஒரு தடையல்ல. பாம்புக் கடியால் இறந்தவரின் குடும்பத்துக்கு உத்தரப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்கள் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்துள்ளன. ஓர் இணை உறை ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மரணத்துக்கான தொகையில் 400 பேரின் கால்களை மூடலாம். விதைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் தரும் அரசு, உழைப்பவரின் காலுக்கும் தரலாம். மக்கானா வாரியம் தன் முதல் கடமைகளில் ஒன்றாக இதைக் கொள்ள வேண்டும்.

இறந்தபின் தருவது நிவாரணம். இறங்குமுன் தருவதுதான் பாதுகாப்பு.