அதிகம் பயன்படுத்தினால் இணைய வேகத்தைக் குறைப்பது நியாயமா?

மாதம் 20-ஆம் தேதி, இரவு எட்டரை மணி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. வீடுகள் அப்படியே இருக்கின்றன. அம்மாவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, மகள் பள்ளிப் பயிற்சியைப் பதிவிறக்கம் செய்கிறாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"டேட்டா முடிஞ்சு போச்சா?" இல்லை. திட்டத்தின் பெயரே 'வரம்பற்றது'. வேகம்தான் குறைக்கப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம். ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

நிறுவனங்கள் சொல்லும் காரணம்

இதற்கு 'நியாயப் பயன்பாட்டுக் கொள்கை' என்று பெயர். மாதத்தில் குறிப்பிட்ட அளவு டேட்டாவைத் தாண்டினால், இணைப்பைத் துண்டிக்காமல் வேகத்தை மட்டும் குறைப்பார்கள்.

ஒரு கோபுரத்தின் கொள்ளளவு சுற்றியுள்ள எல்லாருக்கும் பொதுவானது. சிலர் மட்டும் அளவுக்கு மீறி இழுத்தால் மற்றவர்களுக்குப் பாதிப்பு என்பது நிறுவனங்களின் வாதம். இதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், லயத்து வீடுகளுக்குப் பொதுவாக இருந்த தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். காலையில் வரிசை நிற்கும்போது ஒருவர் பத்து வாளி பிடித்தால் சண்டை வரும். மதியம் இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத நேரத்தில் பிடித்தால் யாருக்கு நஷ்டம்?

இணையமும் அப்படித்தான். நெரிசல் என்பது அந்த நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாத மொத்தக் கணக்கு அதைக் காட்டாது. பின்னிரவில் படம் பதிவிறக்கம் செய்தவரும் இரவு எட்டரை மணிக்குப் பார்த்தவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஈப்போவும் தோட்டமும்

ஈப்போ நகரில் ஃபைபர் உள்ள தாமான்களில் இந்தப் பிரச்சினை குறைவு. 2023-இல் விலை குறைக்கப்பட்ட பிறகு, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு மாதம் 99 வெள்ளிக்குக் கிடைக்கத் தொடங்கியது. இத்தகைய திட்டங்கள் பெரும்பாலானவற்றில் மாத வரம்பு கிடையாது.

ஃபைபர் எட்டாத தோட்டத்திலோ நான்கைந்து பேர் ஓரிரு கைப்பேசி இணைப்புகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு மணி நேரச் சாதாரணத் தர வீடியோவுக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். பிள்ளைகள் இருவரும் தினம் ஒரு மணி நேரம் பாடம் பார்த்தாலே மாதம் 60 ஜிபி. நிறுவனத்தின் கணக்கில் இந்தக் குடும்பம்தான் 'அதிகப் பயனர்'. வேறு வழி இல்லாதவர் மீதுதான் விதி முதலில் விழுகிறது.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் 'வரம்பற்ற' திட்டம் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததாக ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மீது, மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக அது கூறியது. சிலருக்கு 2 ஜிபி தாண்டியதுமே வேகம் குறைந்திருந்தது. 2019-இல் நிறுவனம் 6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வேகத்தைக் குறைத்ததை விட, அதைத் தெளிவாகச் சொல்லாததே அங்கு முக்கியக் குற்றச்சாட்டு.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2016-இல் இன்னொரு வழியைக் காட்டியது. வரம்பு தாண்டினாலும் வீட்டு அகண்ட அலைவரிசை வேகம் 512 கேபிபிஎஸ்-க்குக் கீழே போகக்கூடாது என்றது. 10 எம்பி அளவுள்ள பயிற்சித் தாளை இறக்க இந்த வேகத்தில் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். 64 கேபிபிஎஸ் என்றால் 20 நிமிடத்துக்கு மேல்!

எது நியாயம்?

வேகக் குறைப்பே கூடாது என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். வாங்கும்போதே வரம்பைத் தெளிவாகச் சொன்னார்களா? நெரிசல் நேரத்தில் மட்டும் குறைக்கிறார்களா, மாதம் முடியும் வரைக்குமா? குறைத்த பிறகும் பாடம் படிக்க, வங்கி வேலை பார்க்க முடிகிறதா? அந்த இடத்தில் வேறு இணைப்பு கிடைக்குமா? இவற்றுக்குச் சரியான பதில் இல்லையென்றால், 'நியாயம்' என்பது கொள்கையின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

திட்டம் வாங்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: முழு வேகத்தில் எத்தனை ஜிபி, ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி, அதன்பின் என்ன வேகம். வேகம் குறைந்தால் வெவ்வேறு நேரங்களில் சோதித்து, திரைப்பதிவு எடுத்து வையுங்கள்.

முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு இல்லையென்றால் சி.எஃப்.எம். எனப்படும் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடமோ, எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமோ கொண்டுபோகலாம். குடியிருப்பில் பலருக்கும் இதே பிரச்சினை என்றால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் புகார் செய்வது நல்லது. ஒரே இடத்திலிருந்து வரும் பல புகார்கள், குறை ஒரு வீட்டில் இல்லை, அந்தப் பகுதியின் இணைப்பில்தான் என்பதைக் காட்டும்.