அப்பாவைப் பஸ்ஸில் போகச் சொல்லாதீர்கள்

2022 செப்டெம்பர் 1ஆம் திகதி காலை நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் நிலைய விலைப்பலகையின் படங்கள் வந்து குவிந்தன. டாங்க்ராபாட் முதல்நாள் நள்ளிரவோடு முடிந்திருந்தது. வரிக்குறைப்பு போனதால் லீற்றருக்கு ஏறத்தாழ 35 சதம் வரி திரும்ப ஏறியது. டீசலுக்கு 17 சதம். பெரியவர்கள் அழுகிற முகக்குறி போட்டார்கள். எங்கள் வயதுக்காரர்கள் சிலர், உங்களில் சிலரும்தான், கீழே எழுதினார்கள்: "இனியாவது காரை விட்டிட்டு ரயிலில போங்கோ", "எலெக்ட்ரிக் வாங்கலாமே", "110இல ஓடினால் பெற்றோல் மிஞ்சும்".

அந்தக் கடைசி வரியை எழுதியது நான். அதனால்தான் இந்தப் பதிவு.

என் அப்பா ஹாகனிலிருந்து லூடன்ஷைடுக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார். ஒரு வழி 34 கிலோமீற்றர். காலை ஷிப்ட் 6 மணிக்கு. முதல் ரயிலும் பஸ்ஸும் சரியாகப் பிடித்தாலும் ஷிப்ட் தொடங்கி முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான் வாசலில் நிற்கலாம். கார் இல்லையென்றால் வேலை இல்லை. 2021 டிசம்பர் 2ஆம் திகதி ஏ45 ஓட்டோபானில் ராமெடே பள்ளத்தாக்குப் பாலத்தை மூடினார்கள். அதன் பிறகு நீண்டதூர லொறிகள் பல லூடன்ஷைட் ஊருக்குள்ளால் ஊர்ந்தன. அந்த வரிசைக்குள் நின்று எரிந்த பெற்றோலும் அப்பாவுடைய காசுதான். இப்படிப்பட்ட மனிதருக்கு 110இல் ஓடச் சொல்லி நான் புத்தி சொன்னேன். அவர் அந்த மலைப்பாதையில் 80க்கு மேல் போவதற்கே வழி இல்லை.

எனக்கு மாசம் பெற்றோலுக்கு எவ்வளவு போகிறது தெரியுமா? பூச்சியம். கம்பனி எனக்கு டீன்ஸ்ட்வாகன் தந்திருக்கிறது. கூடவே ஒரு பெற்றோல் அட்டை. கார் பிளக்-இன் ஹைபிரிட். அப்படி இருப்பதால் ஒவ்வொரு மாசமும் கார் பட்டியல் விலையின் 1 வீதத்துக்குப் பதிலாக அரை வீதத்தைத்தான் என் வருமானத்தோடு சேர்த்து வரி போடுகிறார்கள். சுற்றுச்சூழலுக்காம். சார்ஜ் கேபிள் இன்னும் பிளாஸ்ரிக் உறையோடு பின்பெட்டியில் கிடக்கிறது. மின்சாரத்துக்கு நான் காசு கட்ட வேண்டும், பெற்றோலுக்குக் கம்பனி கட்டும். மாஸ்டர்ஸ் படித்த பொறியியலாளருக்கு இந்தச் சமன்பாட்டைத் தீர்க்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

மூன்று மாசக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அப்பா ஒரு நாளைக்கு 68 கிலோமீற்றர், 55 வேலைநாள், பழைய கார் நூறுக்கு 7.5 லீற்றர் குடிக்கும். வரிக்குறைப்பு முழுவதும் அவர் கைக்கு வந்ததென்று வைத்தாலும் அவருக்கு மிச்சம் 99 யூரோ. நான் அதே மூன்று மாசத்தில் ஊர் ஊராக 10,000 கிலோமீற்றர் ஓடினேன், நூறுக்கு 8 லீற்றர். என்னால் கம்பனியின் பெற்றோல் பில்லில் குறைந்தது 280 யூரோ. அதிகம் எரித்தவனுக்கு அதிகம் கொடுத்திருக்கிறார்கள். இதற்குத்தான் 3 பில்லியன் யூரோ வரிப்பணம் என்று அரசே கணக்குச் சொன்னது.

அதே மூன்று மாசம் 9 யூரோ ரிக்கெட் ஓடியது. ஏறக்குறைய 5 கோடி 20 லட்சம் ரிக்கெட் விற்றது. அதை நீட்டிப்போமா என்ற கேள்வி வந்தபோது அப்போதைய நிதியமைச்சர் லிண்ட்னர் 2022 ஓகஸ்டில் சொன்ன சொல் 'இலவச மனப்பான்மை'. பெற்றோல் தள்ளுபடியை மார்ச்சில் முன்வைத்தவரும் அவர்தான். 9 யூரோ கட்டி ரயிலில் நின்றுகொண்டு போன அம்மாவுக்கு இலவச மனப்பான்மை, அட்டையை நீட்டிவிட்டுக் காப்பியோடு வெளியே வந்த எனக்கு அந்தப் பெயரை ஒருவரும் வைக்கவில்லை.

சரி, சனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? சமாளிக்கிறார்கள், சிலவேளை பைத்தியக்காரத்தனமாக. 2013இலிருந்து ஒவ்வொரு பெற்றோல் நிலையமும் விலை மாற்றத்தை உடனுக்குடன் போட்டித்துறை அலுவலகமான புண்டஸ்கார்ட்டெல்லாம்ட்டுக்கு அறிவிக்க வேண்டும். நம்முடைய போன் செயலிகள் காட்டுவது அந்தத் தரவைத்தான். 2022இல் விலை காலையில் ஏறியது, பின்னேரம் இறங்கியது, இதை ஹாகனில் எந்தத் தமிழ் அம்மாவும் உங்களுக்குச் சொல்லுவார். எங்கள் மாமா ஒருவர் 4 சதம் மலிவு என்று 6 கிலோமீற்றர் அங்காலே போய் 40 லீற்றர் அடித்துக்கொண்டு வருவார். மிச்சம் 1 யூரோ 60. போய்வந்த 12 கிலோமீற்றருக்கு எரிந்தது 1 யூரோ 80. நான் கணக்கைக் காட்டினேன். "அது உனக்கு விளங்காது தம்பி" என்றார். உண்மையில் விளங்கியது. அந்த 4 சதம் ஒன்றுதான் அவர் கையில் இருக்கிற பிடி.

அதே மாமா ஈ10 அடிக்க மாட்டார், எஞ்சினைத் தின்றுவிடுமாம். காரின் மூடியில் ஈ10 என்று எழுதியிருந்தால் அது ஒன்றையும் தின்னாது. வழக்கமாக 6 சதம் மலிவு. எதனோலில் சக்தி குறைவு என்பதால் கொஞ்சம் கூட எரியும், அதைக் கழித்தாலும் 2, 3 சதம் மிஞ்சும். இதைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் 2, 3 சதத்தைச் சொல்லிவிட்டு அவர்களுடைய பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு கதையும் எனக்குச் சலித்துவிட்டது. "அவர்கள் யாழ்ப்பாணத்தில் பார்க்காத கஷ்டமா?" என்ற கதை. அப்பாவே அதைச் சிரித்துக்கொண்டு சொல்லுவார்: "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினாங்கள், இது என்ன பெரிய விசயம்." உண்மைதான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் வரவில்லை. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்து ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடினார்கள். பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களும் அப்படித்தான் ஓடின. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. மிச்சப்பேர் சைக்கிள். மூன்று வயதில் இங்கே வந்த எனக்கு அதில் ஒரு நினைவும் இல்லை, அப்பாவின் கை மட்டும் இன்னும் மறக்கவில்லை, எங்கள் வீட்டுப் புல்வெட்டும் மெஷினை அவர் ஸ்ராட் பண்ணும் விதத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆனால் அது போர். இது உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று. அங்கே தாங்கியதால் இங்கேயும் தாங்குவார்கள் என்று சொல்வது யாருக்கு வசதி? எனக்கு வசதி. முதலாளிக்கு வசதி. அப்பாவுக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

2022இல் ஊரில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றார்கள், நின்ற இடத்திலேயே செத்தவர்களும் உண்டு. அந்த ஓகஸ்டிலிருந்து நாடு முழுவதும் கியூஆர் அட்டை வந்தது: மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, காருக்கு 20. அதை நான் மெச்சவில்லை. அந்த 5 லீற்றரை வைத்து ஒரு ஓட்டோக்காரர் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் பங்கீடு என்று பெயர் சொல்லிச் செய்தார்கள். இங்கேயும் பங்கீடு நடக்கிறது, சம்பளத்தால் நடக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களை வெட்டிவிட்டார். ஜூனில் ஹாம் காமாட்சி அம்பாள் தேருக்கு மாமாவின் காரில் ஆறு பேர் நெருக்கிக்கொண்டு போனார்கள். பெரியம்மாவைப் பார்க்க ஸ்ருட்கார்ட் போகவில்லை, போனில் கதைத்தார்கள். நான் அந்த மாசத்தில் மூன்று தரம் ஸ்ருட்கார்ட் போனேன், வேலைக்கு.

இப்போது உங்களுக்கு வேலை தருகிறேன். பெண்ட்லர்பௌஷாலே, அதாவது வேலைக்குப் போகும் தூரத்துக்கான வரிக்கழிவு. 2022க்கு முதல் 20 கிலோமீற்றருக்குக் கிலோமீற்றருக்கு 30 சதம், 21ஆவதிலிருந்து 38 சதம், ஒரு வழித் தூரம் மட்டும். அப்பாவின் 34 கிலோமீற்றருக்கு நாளொன்றுக்கு 11 யூரோ 32, 220 நாளுக்கு 2,490 யூரோ. ஆனால் அந்த வருசம் எல்லோருக்கும் கேட்காமலே கிடைத்த 1,200 யூரோவைத் தாண்டிய பகுதிதான் பலன் தரும். மிஞ்சுவது 1,290. அவருடைய வரிவீதம் 24 என்று வைத்தால் கையில் 310 யூரோ. என் சம்பளக்காரர் ஒருவர் அதே தூரம் சொந்தக் காரில் ஓடி, அவருடைய மற்றச் செலவுகளே அந்த 1,200ஐ நிரப்பியிருந்தால், 42 வீதத்தில் 1,046 யூரோ. ஒரே றோட்டு, ஒரே பெற்றோல். இதை 'நிவாரணம்' என்று தொலைக்காட்சியில் சொல்லும்போது சனலை மாற்றாதீர்கள், கேளுங்கள்.

அநியாயமான சட்டம்தான். ஆனாலும் அந்த 310ஐ விடக்கூடாது. போன ஞாயிறு அப்பாவிடம் கேட்டேன், வரிப்படிவம் யார் நிரப்புகிறது என்று. "அது கட்டாயம் இல்லையெண்டு வேலையில சொன்னவங்கள்" என்றார். அம்மாவும் அப்பாவும் வரிவகுப்பு நாலில் இருக்கிறார்கள், கட்டாயம் இல்லைதான். அதனால் ஒரு வருசமும் அனுப்பவில்லை. நான் பதின்மூன்று வருசமாக என் படிவத்தை எல்ஸ்டரில் ஒரு பின்னேரத்தில் முடிக்கிறவன். ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை.

விரும்பி அனுப்பும் படிவத்தை நாலு வருசம் பின்னோக்கி அனுப்பலாம். 2022இல் அது 2018இலிருந்து 2021 வரை, அந்தந்த வருச விதிப்படி போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 1,200 யூரோ. டாங்க்ராபாட் அவருக்குத் தந்ததைப்போல் பன்னிரண்டு மடங்கு. அதற்கு முந்திய வருசங்கள் போனது போனதுதான்.

அப்பா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்: "உனக்கு ஆர் பெற்றோல் அடிக்கிறது?"

"கம்பனி."

"நல்லது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

2018க்கான படிவம் 2022 கடைசிக்குள் போக வேண்டியிருந்தது. மாமா தன்னுடைய சம்பளத் துண்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறாராம். வாற சனிக்கிழமை கொண்டுவருகிறார்.