எத்தனை கிலோமீட்டர் ஓடிய கார்?

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? மீட்டரைத்தான். "லட்சம் தாண்டிவிட்டதா? வேண்டாம்" என்று திரும்பிவிடுவார். இது அவசர முடிவு என்பேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 2,000 சுழற்சி. லட்சம் கிலோமீட்டருக்கு 20 கோடி! இத்தனை சுற்றியும் உலோகம் தேய்ந்து தூளாகாமல் இருப்பது எப்படி? சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தண்டின் சுழற்சியே எண்ணெயை அந்த இடுக்குக்குள் இழுத்து வருகிறது. தண்டு அதன்மேல் மிதக்கிறது என்றே சொல்லலாம். எஞ்சின் நின்றதும் எண்ணெய் பெரும்பாலும் அடித்தொட்டிக்கு வடிந்துவிடும். மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பும் முதல் சில வினாடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. தேய்மானம் அப்போதுதான் அதிகம்.

மயிலாடுதுறையில் இரண்டு கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அடிக்கடி சென்னைக்குப் போய்வரும் வாடகைக் கார். மற்றொன்று, கூறைநாட்டிலிருந்து மணிக்கூண்டு வரை போய், நின்று, மீண்டும் கிளம்பி வீடு திரும்பும் கார். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது அல்லவா? நீண்ட ஓட்டத்தில் எஞ்சின் நன்கு சூடேறி அதை வெளியேற்றிவிடும். குறுகிய ஓட்டத்தில் அந்த நீர் எண்ணெயோடு கலந்து அதைக் கெடுக்கும். ஆகவே 20,000 காட்டும் இரண்டாவது காரைவிட, லட்சம் காட்டும் முதல் காரின் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற பள்ளி அறிவியல் ஆசிரியர் 1966இல் ஒரு வால்வோ கார் வாங்கினார். 2013இல் அது 30 லட்சம் மைலைத் தொட்டது. ஏறத்தாழ 48 லட்சம் கி.மீ.! பள்ளிக்குப் போய்வரவே தினமும் சுமார் 125 மைல். எண்ணெயைத் தவறாமல் மாற்றினார். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கவும் செய்தார். 2014இல் உற்பத்தி நின்றுபோன நம் அம்பாசடரும் டாக்சியாக ஆண்டுக்கணக்கில் உழைத்தது இப்படித்தான். எளிய அமைப்பு என்பதால் ஊர்ப் பட்டறையிலேயே அதைப் பிரித்துப் பூட்ட முடிந்தது.

உங்கள் வீட்டில் பழைய கார் வாங்கும் பேச்சு வந்தால், எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேட்கச் சொல்லுங்கள். தரங்கம்பாடிப் பக்கம் நின்ற வண்டியானால், குனிந்து அடித்தகட்டையும் பாருங்கள். கடலோர உப்புக் காற்றில், ஓடாமல் நிற்கும் காரும் துருப்பிடிக்கும்.