மார்கழிக் காற்று



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கொலோனில் நத்தார்ச் சந்தைகள் களைகட்டியிருக்கும். வீடுகளில் விறகடுப்பு மூட்டுவார்கள். ஆண்டு முடியும் இரவில் றைன் கரையெங்கும் வெடி கொளுத்துவார்கள். நமது வீடுகளிலோ குளிருக்குப் பயந்து யன்னல்களைப் பூட்டிவிட்டுப் பலகாரம் சுடத் தொடங்கிவிடுவோம். அதனால் இம்மாதம் நாம் இழுக்கும் மூச்சைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்தேன்.

கொலோனில் காற்று மாசு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மூல்ஹைம் பகுதியின் கிளேவிஷர் ரிங் வீதிதான். அங்கே 2017இல் நைதரசன் ஈரொட்சைட்டின் ஆண்டுச் சராசரி, காற்றின் ஒரு கனமீற்றருக்கு 62 மைக்ரோகிராம். சட்டம் அனுமதிப்பது 40. 2018 நவம்பரில் கொலோன் நிர்வாக நீதிமன்றம் பழைய டீசல் வாகனங்களுக்குத் தடை விதிக்கும்படி தீர்ப்பளித்தபோது, பழைய கார் வைத்திருந்தவர்களின் வயிறு கலங்கியது. மேன்முறையீட்டுக்குப் பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தப் பெரிய தடை வரவேயில்லை.

ஆனால் அந்தச் சண்டை ஒரு வாயுவைப் பற்றியது. ‘ஃபைன்ஷ்டவுப்’ என்று இங்கே சொல்லப்படும் நுண்தூசிக்கு அந்த அளவு தலைப்புச் செய்தி கிடைத்ததில்லை. காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோமே பச்சை வில்லை, அது முதலில் இந்தத் தூசிக்காகவே வந்தது. 2008 ஜனவரி 1ஆம் திகதி பெர்லின், ஹனோவர் நகரங்களோடு கொலோனும் வில்லையுள்ள வாகனங்களை மட்டுமே அனுமதிக்கும் ஜேர்மனியின் முதல் சுற்றுச்சூழல் வலயங்களை அறிமுகப்படுத்தியது. வில்லையை ஒட்டியதோடு நாங்களும் தூசியை மறந்துவிட்டோம்.

இந்த நுண்தூசியில் இரண்டரை மைக்ரோமீற்றருக்கும் குறைவான துகள் தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்துவைக்கும். இது சுவாசப்பையின் அடி ஆழம் வரை போய் அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. அதிலும் மிக நுண்ணியவை இரத்தத்திலேயே கலக்கக்கூடியவை. எனவே தூசி என்றால் இருமலும் ஆஸ்துமாவும் மட்டும்தான் என்று எண்ணவேண்டாம். மாரடைப்பும் பக்கவாதமும் இந்தக் கணக்கில் வருகின்றன. எசன், போகும், மூல்ஹைம் (இது நம் கொலோன் மூல்ஹைம் அல்ல, ரூர் ஆற்றங்கரையில் இருப்பது) ஆகிய நகரங்களில் நடந்த ஹைன்ஸ் நிக்ஸ்டோர்ஃப் ஆய்வு, பெருவீதிக்கு அருகில் குடியிருப்பவர்களின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு அதிகம் என்று 2007இல் காட்டியது. வீதியிலிருந்து 50 மீற்றருக்குள் இருப்பவர்களுக்கே அது மிகக் கூடுதல்.

நம்மவர்கள் காது கொடுக்கவேண்டிய இடம் இதுதான். நெஞ்சு வருத்தமும் சீனி வருத்தமும் தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன என்பது வைத்தியர்கள் நன்கு அறிந்த விடயம். ஏற்கெனவே பாரம் சுமக்கும் இதயத்தின் மேல் இந்தத் தூசியும் ஏறுகிறது.

2019 ஜனவரியில் டீற்றர் கோலர் என்ற ஓய்வுபெற்ற சுவாசநோய் நிபுணர், நூற்றுக்கு மேற்பட்ட சக வைத்தியர்களின் கையெழுத்தோடு, நைதரசன் ஈரொட்சைட்டுக்கும் நுண்தூசிக்கும் உள்ள சட்ட வரம்புகளுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று அறிக்கை விட்டார். புகைபிடிப்பவர்கள் இதைவிட எவ்வளவோ கூடுதலாக உள்ளிழுத்தும் உடனே சாவதில்லையே என்பது அவர் வாதம். அவருடைய கணக்கிலிருந்த பிழைகளைச் சில வாரங்களில் ‘டாட்ஸ்’ நாளிதழ் வெளிச்சமிட்டது. கணக்குச் சரியாக இருந்திருந்தாலும் அந்த வாதம் எனக்கு ஒத்துவராது. சிகரெட்டைப் பற்றவைப்பவர் விரும்பிப் பற்றவைக்கிறார். தள்ளுவண்டிலில் போகும் குழந்தையிடம் யார் கேட்டார்கள்?

இன்று கொலோனின் காற்று சட்டத்துக்கு உட்பட்டதே. முன்பைவிட எவ்வளவோ நல்லதும்கூட. ஆனால் இரண்டரை மைக்ரோமீற்றருக்குக் குறைவான நுண்தூசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் இப்போது அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5. 2030இல் சட்டமும் 10க்கு இறங்கப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022இல் மட்டும் 2,39,000 அகால மரணங்களுக்கு இந்தத் தூசி காரணம் என்பது ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. ‘சட்டப்படி சரி’ என்பதை ‘உடம்புக்குச் சரி’ என்று நான் வாசிக்கமாட்டேன்.

வெடிக்கு வருவோம். ஜேர்மனியில் ஓராண்டில் வெடிகளால் கிளம்பும் நுண்தூசி ஏறத்தாழ 2,050 தொன். அதில் முக்கால்வாசி ஒரே இரவில். பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை. வீட்டில் இழுப்பு உள்ளவரோ இதய நோயாளியோ இருந்தால் நள்ளிரவில் அவரை வெளியே கூட்டிப்போகாதீர்கள், புகை அடங்கும்வரை யன்னலையும் திறக்காதீர்கள்.

மற்ற நாட்களில் செய்யவேண்டியது இதற்கு நேரெதிர். தாளிப்பு, பொரியல், சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாமே நுண்தூசிதான். பல வாடகை வீடுகளில் குசினிப் புகைபோக்கி புகையை வெளியே அனுப்புவதில்லை, வடிகட்டி மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. உங்கள் வீட்டில் எது என்று இன்றே பாருங்கள். முறுக்குச் சுடும் நாளில் குளிரைப் பாராமல் இடைக்கிடை யன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்துவிடுங்கள். வீட்டில் இருமலோடு படுத்திருக்கும் பெரியவர் இருந்தால், அவருடைய அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள்.