பூநாரைக்கு அப்பால்

விடுமுறை வந்தால் போதும், சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குக் கார்கள் கிளம்பிவிடுகின்றன. ஏரியில் படகில் போய்ப் பூநாரை பார்த்து, டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படமெடுத்து, மீன் வறுவலை ருசித்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். 1613-இல் எழுந்த கெல்டிரியா கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது; அதைத் தேடுகிறவர்களும் உண்டு. எனக்கோ அந்த ஊரின் பெரிய அதிசயம் பாடு முறைதான். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது, சுற்றி வரும். தலைமுறை தலைமுறையாக நடக்கிற இந்த நியாயத்தைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த முறையும் ஏரியை நம்பித்தான்; ஏரி கடலைச் சேரும் முகத்துவாரம் மணலில் தூர்ந்தால் கடல்நீர் வராது, இறால் குஞ்சும் வராது. அப்புறம் யாருக்குப் பாடு வந்து என்ன பயன்? அதே ஏரியில், வலைகூட இல்லாத இருளர் பழங்குடிப் பெண்கள் சேற்றுநீரில் தவழ்ந்து, கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். போன முறை, கரையேறிய ஓர் அம்மா பறியை என் முன்னே சாய்த்துக் காட்டினார். அரைப்படி இறால்கூடத் தேறாது. அவர் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, முள் கீறிய இடமெல்லாம் சிவந்திருந்தன.