விதியின்மேல் பழி போடுவதை நிறுத்துவோம்!

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயைப் பற்றிப் பேச நம்மவர் நாணுகின்றனர். மலத்தோடு இரத்தம் போவதைக் கட்டிய மனைவியிடமும் மறைக்கும் கணவர் உண்டு. பெற்ற பிள்ளைகளிடமும் மறைக்கும் தாய்மார் உண்டு. "மூலச்சூடு, மோர் குடித்தால் தணிந்துவிடும்" என்று நாட்களை ஓட்டுகின்றனர். நாட்கள் மாதங்களாகின்றன. நோய் ஈரலைத் தொட்ட பின்னரே தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் வாயிலை மிதிக்கின்றனர். அப்போது சுற்றத்தார் கூடிநின்று சொல்லும் சொல் ஒன்றே: "விதி!"

அந்தச் சொல்லை எதிர்த்தே இன்று எழுதுகிறோம்.

மானிப்பாய் மண்ணிலிருந்து இதைச் சொல்வதற்கு நமக்கு உரிமையுண்டு. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயில் அமர்ந்து பணி தொடங்கினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழ் இளைஞருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வாந்திபேதி ஊரூராய் வாரிச் சென்ற நூற்றாண்டு அது. அன்றும் "தெய்வ குற்றம்" என்றவர் பலர். குற்றவாளி தெய்வமன்று, குடித்த தண்ணீரே என்பது பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை நாள்தோறும் கடந்து செல்லும் நாம், இன்னொரு நோயை இன்னும் விதி என்பது தகுமா?

வழக்கின் சான்றுகளைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோரை இந்நோய் புதிதாகப் பற்றியது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் மாண்டனர். நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண் பெண் இருபாலாரிடத்தும் முன்வரிசையில் நிற்கும் நோய்களுள் இது ஒன்று.

இந்நோய் எல்லா நாட்டாரையும் ஒரேயளவாகத் தாக்குவதில்லை. யப்பானிலிருந்து ஹவாய்த் தீவுகளிற் குடியேறியோரை ஆராய்ந்த அறிஞர், தாய்நாட்டில் அருகியிருந்த இந்நோய் புதிய நாட்டிற் பெருகக் கண்டனர். அவர்களின் குருதி மாறவில்லை. உணவும் வாழ்வுமே மாறின. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேருக்கு ஆபிரிக்கக் கிராமத்தாரின் நார்ப்பொருள் மிகுந்த உணவும், தென்னாபிரிக்கக் கிராமத்தார் 20 பேருக்குக் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்க உணவும் இரண்டு வாரம் கொடுத்தனர். அந்த இரண்டே வாரங்களில் முன்னவர் குடலில் ஆபத்தைக் காட்டும் அடையாளங்கள் தணிந்தன. பின்னவர் குடலில் அவை ஏறின. விதி இரண்டு வாரத்தில் இடம் மாறுமா?

டென்மார்க்கில் 50 முதல் 64 வயது வரையான 55,487 பேரைப் பத்தாண்டளவு தொடர்ந்து கவனித்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். புகையாமை, மதுவை மட்டுப்படுத்தல், நாளுக்கு அரைமணி நேர உடலுழைப்பு, இடுப்புச் சுற்றளவைக் கட்டுக்குள் வைத்தல், நல்லுணவு என்னும் ஐந்தையும் எல்லோரும் கைக்கொண்டிருந்தால் அவர்களிடையே கண்ட இந்நோயில் நூற்றுக்கு 23 பங்கு தவிர்ந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நூற்றுக்கு 23! இது முழு விடுதலையன்று. ஆயினும் நான்கு பிணங்களுள் ஏறத்தாழ ஒன்றை வீட்டு முற்றத்திலிருந்து விலக்கும் வழி இருக்கையில் அதை வேண்டாமென்பது அறிவுடைமையாகுமா?

இனி நம் வீட்டு அடுக்களையைப் பார்ப்போம். குரக்கன் பிட்டும் தவிட்டரிசிச் சோறும் ஒடியற்கூழும் முருங்கையிலையும் நம் முன்னோர் உண்டவை. தவிடு நீக்காத தானியத்தை நாளுக்கு 90 கிராம் உண்போருக்கு இந்நோயின் ஆபத்து நூற்றுக்கு 17 பங்கு குறைவதாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் கணித்துள்ளது. நாமோ அந்தத் தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, காலையிற் பாணும் இரவிற் கோதுமை மாப் பிட்டும் கொத்து றொட்டியும் உண்கிறோம். போதாக்குறைக்குப் பிள்ளைகளின் பாடசாலைப் பெட்டியில் சொசேஜ் ஏறிவிட்டது. பதனிட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் தீர்ப்பளித்தது. நாளுக்கு 50 கிராம் தின்றால் ஆபத்து நூற்றுக்கு 18 பங்கு ஏறும். அதைத் தாயே காசு கொடுத்து வாங்கி மகனுக்கு ஊட்டுகிறாள்; அவளிடம் உண்மையைச் சொன்னவர் யார்?

"நாங்கள் தோட்டக்காரர், உழைக்கும் உடம்புக்கு இந்நோய் வராது" என்பர் கமக்கார அன்பர். துலா மிதித்து இறைத்த காலத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். இன்று இறைப்பது இயந்திரம், உழுவதும் இயந்திரம், சந்திக்கடைக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில். கதிரையே கதியென்று கிடக்கும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களுமாகிய நம்மைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

"என் அப்பு தொண்ணூறு வயது மட்டும் சுருட்டுப் பிடித்தார், கள்ளுங் குடித்தார், அவருக்கு ஒன்றும் வரவில்லையே?" என்பது இன்னொரு வாதம். ஒரு சாட்சியை வைத்து வழக்கை வெல்ல எந்த நீதிமன்றமும் விடாது. அப்புவோடு சுருட்டுப் பிடித்து ஐம்பதிற் போனவர்கள் சாட்சிக் கூண்டில் ஏற முடியாதவர்கள்; அவர்களையும் எண்ணுவதே கணக்கு. புகையும் மதுவும் குடலைக் கெடுப்பன என்பது நிறுவப்பட்ட உண்மை. கள்ளாயினும் சாராயமாயினும் உள்ளே இருப்பது ஒரே நஞ்சு.

"இது பரம்பரை நோய்" என்பாரும் உளர். பரம்பரையாகத் தெளிவாகக் கடத்தப்படும் வகை நூற்றுக்கு ஐந்தளவே. அக்குடும்பங்கள் இன்னும் விழிப்பாய் இருக்க வேண்டும். எஞ்சியோர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். நோயுற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஒழுங்காய் வாழ்ந்தவரையும் இந்நோய் தீண்டும். நாம் குற்றஞ் சாட்டுவது, காக்கும் வழி தெரிந்தும் மக்களுக்குச் சொல்லாத அலட்சியத்தை.

அந்த அலட்சியத்தில் அரசுக்கும் பங்குண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரத்தைத் தடுத்தது; 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. நல்ல சட்டமே. ஆனால் சட்டப் புத்தகம் அலுமாரியில் இருந்தால் எந்தப் பிள்ளையைக் காக்கும்? புகையிலையை விடு என்று தோட்டக்காரனுக்கு உபதேசிப்பது எளிது. அவன் போடும் மாற்றுப் பயிருக்குச் சந்தையும் நியாய விலையும் கொடுக்காமல் உபதேசம் மட்டும் செய்வது, ஏழையின் வயிற்றில் அடிப்பதாகும். அவன் குரக்கன் விதைக்கட்டும். நகரத்தார் அதை வாங்கட்டும். இருவர் குடலும் பிழைக்கும்.

பரிசோதனை விடயத்திலும் அவ்வாறே. இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ஒரு சிறு தசைமுளையாகத் தோன்றிப் பத்தாண்டளவு பதுங்கியிருந்தே புற்றாக மாறுகிறது. அந்த முளையை அகற்றினால் நோயே இல்லை. இங்கிலாந்தில் 50 வயது கடந்தோருக்கு மலப் பரிசோதனைப் பொதியை இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசே தபாலில் அனுப்புகிறது. இலண்டனில் இருக்கும் தம்பிக்குக் கிடைக்கும் காவல் மானிப்பாயில் இருக்கும் அண்ணனுக்கு ஏன் கிடைக்கவில்லை? நம் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கிறார்கள். மலத்தில் மறைந்துபோகும் இரத்தத்தையும் பார்க்கச் செய்க என்று கேட்கிறோம். இது பிச்சையன்று, வரி கொடுக்கும் மக்களின் உரிமை.

வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையார் தம் சந்தைகளில் சிறுதானியத்துக்கும் கீரைக்கும் தனியிடம் ஒதுக்கட்டும். பாடசாலை அதிபர்கள் சிற்றுண்டிச்சாலையைத் திருத்தட்டும். வாசகசாலைகளும் கமக்காரர் சங்கங்களும் மாதம் ஒருமுறை ஒரு வைத்தியரை அழைத்துத் தமிழிற் பேசச் செய்யட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மலத்தில் இரத்தம் கண்டால், மலங்கழிக்கும் வழக்கம் சில வாரம் தொடர்ந்து மாறினால், காரணமின்றி உடல் மெலிந்தால், மூலம் என்று நீங்களே தீர்ப்பெழுதாதீர்கள், வைத்தியரிடம் செல்லுங்கள். மருதடிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். இன்றிரவு உலையில் தவிட்டரிசி ஏறட்டும். நாளைக் காலை சந்திக்கடைக்கு நடந்து செல்லுங்கள். சிகரெட்டுக்கு எடுத்த காசில் ஒரு பிடி கீரை வாங்கி வாருங்கள்.