ஆறாத புண்ணும் அன்பின் மருந்தும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் அயல்வீட்டுப் பெண் என்னிடம் இரவல் வாங்கிச் சென்றிருந்த ஆங்கில நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். படித்தவள், நல்ல உத்தியோகத்தில் இருப்பவள். பேசி முற்றாக்கிய கலியாணம் ஓராண்டுக்கு முன் நின்றுபோன வேதனையை எவருக்கும் காட்டாமற் சுமந்து வருபவள். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "கதையில் வருகிறவர்களுக்கெல்லாம் கடைசி அத்தியாயத்தில் மனம் ஆறிவிடுகிறது, மாமி. எனக்கு மட்டும் ஏன் ஆறுகிறதில்லை?" என்று கேட்டாள்.

தக்க மறுமொழி அப்பொழுது என்னிடம் இருக்கவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை இவ்வாரம் இப்பகுதியில் எல்லாருக்குமாக எழுதுகின்றேன்.

அவள் வாசித்தது, அமெரிக்காவிற் பெருவாரியாக வெளிவரும் கிறிஸ்தவ நாவல் வகையைச் சேர்ந்தது. காதல், மர்மம், மனப்புண் ஆறுதல் ஆகிய மூன்றையும் முப்புரிக் கயிறாகத் திரிப்பது இவ்வகை நாவல்களுட் பலவற்றின் இயல்பு. 1967ஆம் ஆண்டில் கதரின் மார்ஷல் என்னும் அம்மையார், தம் தாயாரின் இளமை அநுபவங்களை ஆதாரமாகக் கொண்டு 'கிறிஸ்டி' என்னும் நாவலை எழுதினார். மலைநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டச் செல்லும் பத்தொன்பது வயது ஆசிரியையின் கதை அது. 1979இல் கனடா நாட்டவரான ஜெனற் ஓக், 'லவ் கம்ஸ் சொஃப்ற்லி' என்னும் நாவலை வெளியிட்டார். புதிய நிலம் தேடிப் போகும் வழியிற் கணவனை இழந்த இளம் பெண்ணொருத்தி, தாயற்ற குழந்தையுடன் தனித்து நிற்கும் ஒருவனை வேறு கதியின்றி மணக்கின்றாள். அன்பு பின்னர் மெல்ல மெல்ல வந்து சேருகின்றது. அந்நூலின் வெற்றியைக் கண்ட கிறிஸ்தவப் பதிப்பகங்கள் காதற் கதைகளைத் தயக்கமின்றி வெளியிடத் தொடங்கின. சிறந்த கிறிஸ்தவ நாவல்களுக்கென 1999இல் ஏற்படுத்தப்பட்ட பரிசுக்கு மார்ஷல் அம்மையாரின் 'கிறிஸ்டி' என்ற பெயரே இடப்பட்டது.

எதுவும் பெருகினால் அச்சில் வார்த்தாற்போல ஆகிவிடும் அல்லவா? மனமுடைந்த பெண் ஒரு சிற்றூருக்கு வருவாள். பழைய வீடொன்றிலே ஒளித்துவைத்த கடிதங்கள் அகப்படும். நற்குணமுள்ள ஆடவன் ஒருவன் அயலில் இருப்பான். கடிதத்தின் மர்மம் அவிழும்போது அவள் மனப்புண்ணும் ஆறிவிடும். பொழுதுபோக்கிற்கு இது போதும். உண்மையாகவே புண்பட்டவர் கையில் இத்தகைய கதை அகப்படும்போதுதான், "எனக்கு மட்டும் ஏன் ஆறவில்லை?" என்ற கேள்வி பிறக்கின்றது. இக்குறையை வெவ்வேறு அளவிற் கடந்து நிற்கும் மூன்று நாவல்களை இங்கே எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

முதலாவது, பிரான்சின் றிவேர்ஸ் எழுதிய 'றிடீமிங் லவ்'. மீட்கும் அன்பு என்பது அதன் பொருள். இவ்வம்மையார் முன்னர்ச் சாதாரண காதல் நாவல்களை எழுதிப் பெயர் பெற்றவர். 1986இல் கிறிஸ்தவ விசுவாசத்தில் உறுதிகொண்ட பின்பு, வேதாகமத்தில் ஓசியா தீர்க்கதரிசி கோமேர் என்னும் பெண்ணை மணந்த வரலாற்றைத் தழுவி இதனை எழுதினார். 1991இல் வெளிவந்த இந்நூல், திருத்திய பதிப்பாக 1997இல் மீண்டும் வந்தது. 2022இல் திரைப்படமாகவும் ஆயிற்று.

தங்கம் தேடி மக்கள் திரண்ட கலிபோர்னியாவில், 1850ஆம் ஆண்டளவிற் கதை நடக்கின்றது. சிறு வயதிலேயே விற்கப்பட்டு விலைமகளாக்கப்பட்ட ஏஞ்சல் என்பவளை மைக்கல் ஓசியா என்னும் கமக்காரன் மணந்துகொள்கின்றான். அவளோ அவனை விட்டு மீண்டும் மீண்டும் ஓடுகின்றாள். 'ஏஞ்சல்' என்பது பிறர் இட்ட பெயர். தாய் அழைத்த பெயரை அவள் யாருக்கும் சொல்வதில்லை. இறுதிமுறை பிரிந்து சென்று சான் பிரான்சிஸ்கோவில் தன் காலில் நின்று வாழப் பழகி, ஆண்டுகள் சென்றபின் தானாகவே திரும்பி வந்து, தன் பெயர் சாரா என்று கணவனிடம் கூறுகின்றாள். இந்நாவலின் மர்மம் முழுவதும் இந்த ஒரு பெயரில் அடங்கியிருக்கின்றது. மைக்கல் சில இடங்களில் மனிதனாக அன்றித் தேவதூதனாகவே நடந்துகொள்கின்றான் என்பது என் குறை. வன்கொடுமைகளை ஒளிவுமறைவின்றிக் கூறுவதால் வயது வந்தோருக்கே உரிய நூல் இது, பெற்றோர் கவனிப்பார்களாக.

இரண்டாவது, கிறிஸ்டி கம்பிரன் 2014இல் வெளியிட்ட 'த பட்டர்ஃபிளை அன்ட் த வயலின்'. வண்ணத்துப்பூச்சியும் வயலினும் என்று சொல்லலாம். நியூயோர்க்கில் ஓவிய வாணிபம் செய்யும் சேரா என்னும் பெண், இரண்டாண்டுகளுக்கு முன் விவாக மேடையிலேயே வாழ்வு சிதறக் கண்டவள். சிறுமியாக இருந்தபோது கண்ட ஓர் ஓவியத்தைத் தேடி அவள் அலைகின்றாள். வயலினுடன் நிற்கும் நீலக் கண் நங்கை ஒருத்தியின் சித்திரம் அது. அதே ஓவியத்தைத் தேடும் வில்லியம் என்பவனைச் சந்திக்கின்றாள். ஓவியத்தில் இருப்பவள் அடேல் என்னும் ஒஸ்திரிய வயலின் கலைஞர். ஹிட்லர் அரசின் உயர் அதிகாரி ஒருவரின் மகளாக இருந்தும், வியன்னாவிலிருந்து யூதரைத் தப்புவிக்க உதவியதால் அவுஸ்விற்ஸ் முகாமில் அடைக்கப்பட்டவள்.

அடேல் கற்பனைப் பாத்திரம்; ஆனால் அம்முகாமிற் பெண்களின் இசைக்குழு ஒன்று 1943இல் உண்மையாகவே அமைக்கப்பட்டது. கைதிகள் காலையில் வேலைக்குச் செல்லும்போதும் மாலையில் சோர்ந்து திரும்பும்போதும் அவர்கள் வாத்தியம் வாசிக்க வேண்டியிருந்தது. குழுவை நடத்தியவர்களுள் ஒருவரான அல்மா றொசே, பெரும் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் மருமகள், அதாவது அவருடைய சகோதரியின் மகள். 1944 ஏப்பிரலில் அவர் முகாமிலேயே இறந்தார். கைவிடப்பட்ட காதலியின் துயரையும் மரண முகாமின் துயரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற ஐயம் வாசிப்போருக்கு எழுவது நியாயமே. ஆயினும், பிறர் துயரைப் பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொள்ளும்போது சேராவின் மனக்கதவு திறப்பதை ஆசிரியை நம்பும்படி காட்டியிருக்கின்றார்.

மூன்றாவது நாவலே என் நெஞ்சிற்கு மிக நெருக்கமானது. மரிலின் றொபின்சன் 2008இல் எழுதிய 'ஹோம்', அதாவது வீடு. மேற்கூறிய பதிப்பகங்களின் வழியில் வந்த நூலன்று. ஆயினும் கிறிஸ்தவ விசுவாசமே இதன் உயிர்மூச்சு. இதற்கு முன் 2004இல் வெளிவந்த 'கிலியட்' இவருக்குப் புலிற்சர் பரிசைப் பெற்றுத் தந்தது. 'ஹோம்' 2009இல் ஒறேஞ்ச் பரிசைப் பெற்றது.

1956ஆம் ஆண்டு, ஐயோவா மாநிலத்தில் கிலியட் என்னும் கற்பனைச் சிற்றூர். முதிர்ந்து தளர்ந்த போதகர் பவுட்டனைப் பராமரிக்க, முப்பத்தெட்டு வயதான கடைசி மகள் குளோரி வீடு திரும்பியிருக்கின்றாள். நெடுங்காலம் நம்பியிருந்தவன் ஏற்கெனவே மணமானவன் என்று அறிந்து ஏமாந்தவள் அவள். இருபது ஆண்டுகளாக வீட்டுப் பக்கமே வராத, தாயின் மரணச் சடங்கிற்குக்கூட வராத மூத்த சகோதரன் ஜாக்கும் வந்து சேருகின்றான். கடிதம் எழுதுகின்றான், பிரிக்கப்படாமலே அவை திரும்பி வருகின்றன. யாருக்கு எழுதுகின்றான் என்பது தந்தைக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது.

இங்கே பேய்வீடும் இல்லை, கொலையும் இல்லை. தங்கை சமைக்கின்றாள், அண்ணன் தோட்டத்தைக் கொத்துகின்றான், பழைய மோட்டார் வண்டியைப் பழுது பார்க்கின்றான், பியானோவில் ஞானப்பாட்டு வாசிக்கின்றான். இருவரும் சிறிது சிறிதாகத் தத்தம் வேதனையைச் சொல்லத் தொடங்குகின்றனர். மகனை மன்னிப்பதற்கென்றே வாழ்நாளெல்லாம் காத்திருந்த தந்தையோ, விடைபெறும் வேளையில் அவன் நீட்டிய கையைப் பற்றாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார். மன்னிக்க விரும்பும் மனிதனுக்கும் களைப்பு உண்டு என்பதை இவ்வளவு துணிவோடு கூறிய கிறிஸ்தவ நாவலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜாக் போய்ச் சில நாட்களின் பின்பு ஒரு கறுப்பினப் பெண்மணி மகனோடு அவ்வீட்டு வாசலுக்கு வருகின்றாள். அவளே டெல்லா, அவன் மனைவியாகக் கருதி வாழ்ந்தவள். வெள்ளையரும் கறுப்பரும் மணம் புரிவதை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டம் அந்நாளிலே தடுத்தது. 1967இலேதான் உயர் நீதிமன்றம் அத்தடையை முற்றாக நீக்கிற்று. மர்மம் அவிழ்கின்றது, பிரிந்தவர் சேரவில்லை. ஆனால் அச்சிறுவன் வளர்ந்து என்றேனும் ஒருநாள் தன் தந்தையின் வீட்டைக் காண வருவான் என்ற நினைவோடு, வெறுத்த அதே வீட்டைக் காத்திருக்க குளோரி மனம் கொள்கின்றாள். அவளுடைய புண் ஆறிற்றா? ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. புண்ணோடிருந்தே இன்னொருவருக்காக விளக்கை ஏற்றி வைக்க அவளுக்கு இயலுமாயிற்று. ஜாக், டெல்லா இருவரின் காதலை அறிய விரும்புவோர் 2020இல் வெளிவந்த 'ஜாக்' என்னும் நாவலைப் படிக்கலாம்.

இம்மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். பெயர், ஓவியம், கடிதம் என ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மறைந்திருக்கின்றது. மறைத்த துயரை நம்பிக்கையுள்ள ஒருவரிடம் சொல்லும் கணமே மர்மம் அவிழும் கணம். ஆறுதலின் முதற்படியும் அதுவே. பிற படிகளுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதை எந்த நாவலாசிரியரும் வரையறுத்துக் கூற இயலாது.

இத்தகைய எழுத்து நமக்குப் புதியதும் அன்று. யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா அம்மையார் கிறிஸ்தவ விசுவாசத்தோடு எழுதிய நாவல் 1914இலேயே வெளிவந்தது. ஐம்பத்தோராம் சங்கீதத்தை நினைவூட்டும் 'நொறுங்குண்ட இருதயம்' என்பதே அதன் பெயர். நொறுங்கியதை நொறுங்கியது என்றே சொல்லும் துணிவு அந்தப் பெயரிலேயே இருக்கின்றது. மாணவ மாணவியர் அதனையும் தேடிப் படிப்பாராக.

அயல்வீட்டுப் பெண்ணுக்கு 'ஹோம்' நாவலைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தாள். மனம் ஆறியதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தேநீர் ஆறும்வரை குளோரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், இடையிலே நின்றுபோன தன் கலியாணத்தைப் பற்றி முதன்முறையாகத் தானே பேசத் தொடங்கினாள். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.